இரண்டு தட்டு தட்டினால் பிடியை விடுவது ஏன்?

அந்தக் காலத்தில், மிருகங்கள் எல்லாம் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, பொதிகை மலையடிவாரத்தில் சடையன் என்றொரு கரடி இருந்தான். காட்டிலுள்ள கறையான் புற்றுகள் அத்தனையும் தன் பெயருக்குப் பட்டா போட்டவை என்று அவனுக்கு நினைப்பு. தட்டிக் கேட்க யாருக்கும் தைரியமில்லை. மல்லுக்கு நின்றால் அங்கே ஒரு சட்டம் உண்டு. மாட்டிக்கொண்டவர் "தோத்துட்டேன்" என்று வாயால் சொல்லும்வரை பிடித்தவர் விடக்கூடாது. விட்டால் விட்டவருக்குத்தான் தோல்வி. சொல்ல வெட்கப்பட்டுக் கைகால் முறிந்தவர்கள் பாதிக் காடு இருந்தார்கள்.

ஒருநாள் ஜுரேமா என்ற எறும்புத்தின்னி, முதுகில் குட்டியோடு அங்கே வந்து சேர்ந்தாள். பிரேசில்காரி. வெள்ளம் கடலில் தள்ளிவிட்ட மரமொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எத்தனையோ நாள் மிதந்து வந்தவள். மூக்கு முழ நீளம். வாயில் பேருக்குக்கூட ஒரு பல் கிடையாது. பசி தாங்காமல், கண்ணில் பட்ட முதல் புற்றில் நாக்கை விட்டாள்.

"ஏ! யாரைக் கேட்டு நக்குத?" என்று சடையன் வந்து நின்றான்.

"பால் வத்திப்போச்சு அண்ணாச்சி. பிள்ளை அழுது. ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன்."

"இருக்கணும்னா எங்கூட மல்லுக்கு வா. தோத்தா வந்த மரத்துலேயே ஏறிப் போயிரணும்."

மறுபடி கடலென்றால் குட்டி பிழைக்காது. ஜுரேமா குட்டியை இறக்கி, மத்தியஸ்தம் பார்க்க வந்த கருங்குரங்கு பேச்சியின் மடியில் வைத்தாள்.

"வேண்டாம்மா, ஓடிப்போயிரு. அவரு முரடு. 'தோத்துட்டேன்'னு அவரு வாயால சொல்லுமுன்ன பிடியை விட்டா, நீதான் தோத்த கணக்கு," என்றாள் பேச்சி.

"எங்கன்னு ஓட, அக்கா?"

சடையன் பாய்ந்து வந்தான். ஜுரேமா என்ன செய்தாள் தெரியுமா? மல்லாந்து படுத்துவிட்டாள். காடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சடையனும் சிரித்துக்கொண்டேதான் அவள் மேல் விழுந்தான். விழுந்தபிறகு எழுந்திருக்க முடியவில்லை. அவள் கால்கள் அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. அவனுடைய ஒரு கை அவள் நெஞ்சோடு போய் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. அவள் இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினாள். அவன் முழங்கை 'மளுக்' என்று போகிற நிலைக்கு வந்துவிட்டது. வாழ்நாளில் முதல்தடவையாகச் சடையனுக்குப் பயம் வந்தது. "தோத்துட்டேன்" என்று சொல்ல நாக்கு வரவில்லை. வலி பொறுக்காமல் மறுகையால் தரையை இரண்டு தட்டு தட்டினான்.

ஜுரேமா சட்டென்று பிடியை விட்டுவிட்டாள்.

அவள் ஊரில் அப்படித்தான். இரண்டு தட்டு என்றால் போதும் என்று அர்த்தம். யோசிப்பதற்குள் கை பழக்கத்தில் விட்டுவிட்டது. பேச்சியின் முகம் வாடியதைப் பார்த்தபிறகுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது.

"விட்டுட்டா! அண்ணாச்சி ஜெயிச்சாச்சு!" என்று கூட்டம் கத்தியது.

ஜுரேமா குட்டியை வாங்கி முதுகில் ஏற்றிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி கடல் இருந்த பக்கம் நடந்தாள்.

சடையன் முழங்கையை மடக்கிப் பார்த்தான், நீட்டிப் பார்த்தான். முழுசாக இருந்தது. கூட்டத்தில் ஒரு காட்டுப்பன்றி நொண்டிக்கொண்டு நின்றது. அந்தக் காலை முறித்தவன் அவன்தான். அன்றைக்கு அதுவும் இப்படித்தான் தரையில் அடித்துத் துடித்தது. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நில்லு தாயி!" என்று கத்தினான். "ஏ பேச்சி, எல்லாருக்கும் கேக்கும்படியாச் சொல்லு. நாந்தான் தோத்துட்டேன்."

சடையன் அவளிடம் போய்க் கேட்டான்: "ஏன் விட்ட?"

"நீங்க தட்டுனீங்கல்லா?"

"தட்டுனா விட்டுருவியா?"

"விட்டாத்தான அண்ணாச்சி, நாளைக்கும் சேர்ந்து மல்லுக்கட்ட முடியும்?"

சடையன் அந்த இடத்திலேயே மல்லாந்து படுத்தான். "எங்க, இன்னொரு தடவை பிடி பாப்போம். காலை எங்கன போட்டன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

சாயங்காலத்துக்குள் பாதிக் காடு மல்லாந்து கிடந்தது. நொண்டிப் பன்றிதான் எல்லோருக்கும் முன்னால். ஜுரேமா வயிறார நக்கியதில் பால் ஊறி, குட்டி புற்றடியில் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது. தேனெடுக்க வந்த மனிதர்கள் பாறைமேல் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, தாங்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

அன்று முதல்தான், பிரேசிலிலிருந்து வந்த ஜியு ஜிட்சு என்னும் மல்லுக்கட்டை நம் ஊரில் பழகுகிறவர்கள், எத்தனை இறுக்கிப் பிடித்திருந்தாலும், இரண்டு தட்டு விழுந்த மறுநொடி பிடியை விட்டுவிடுகிறார்கள்; தட்டியவரும் கொஞ்சமும் வெட்கப்படாமல், "இன்னொரு தடவை" என்று மறுபடி மல்லாந்து படுக்கிறார்.