தனியாக வாசிக்கும் இடம்

“அந்தக் கான்செர்டோவை எனக்கு ஏன் தரலை, டீச்சர்?”

கேட்டவர் எமர்சன். வயது ஐம்பதைத் தாண்டியவர். சென்னையில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் வாசிப்பவர்.

அவர் டீச்சர் என்று அழைத்த ஹெப்சிபா அவரைவிட இளையவர். முன்னால் நின்று கையசைத்து அந்த ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர். தலை நரைத்த பிறகு எமர்சன் அவரிடம் போய், வில்லைப் பிடிப்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டார்.

கான்செர்டோவில் ஒரு வயலின் முன்னால் நிற்கும். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் நிற்க ஹெப்சிபா தேர்ந்தெடுத்தது மதுவந்தியை. அவள் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

ஹெப்சிபா அவர் வயலினைக் காட்டினார்.

“வாசிங்க” என்றார்.

எமர்சன் வாசித்தார். தாளைப் பார்க்கவில்லை. யாரும் கேட்காமலேயே வீட்டில் மனப்பாடம் செய்திருந்தார். ஹெப்சிபா மேஜையில் விரலால் தட்டி, ஆர்கெஸ்ட்ராவின் பகுதியை மெதுவாகப் பாடிக்கொண்டே வந்தார்.

முடிந்தது. ஒரு பிசிறு இல்லை.

“நான் எங்கே பாட்டை நிறுத்தினேன்?” என்று கேட்டார் ஹெப்சிபா.

எமர்சன் யோசித்தார். அவர் நிறுத்தியதே எமர்சனுக்குத் தெரியாது.

“நாளைக்கு ரிகர்சல். உங்க நாற்காலியில உட்காருங்க” என்றார் ஹெப்சிபா.

உட்கார்ந்தார்.

முதல் வயலினின் நாற்காலி, தனி வயலின் நிற்கும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும். மதுவந்தி வில்லை மாற்றும்போது அவள் மூச்சு வாங்குவதுகூட எமர்சனுக்குக் கேட்டது.

அவள் நன்றாக வாசித்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓய்வு வரும் இடங்களில் எமர்சன் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, இடது கை விரல்களை மட்டும் தந்திகளின் மேல் ஓட்டினார். அவள் பகுதியைச் சத்தமில்லாமல் வாசித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் ஒருமுறை அதைக் கவனித்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மதுவந்தி அவரிடம் மரியாதையாக இருந்தாள். “எமர்சன் சார், இந்த இடம் சரியா வருதா?” என்று கேட்பாள். அவர் “வருது” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எல்லோரும் நிறுத்திவிட, தனி வயலின் மட்டும் நெடுநேரம் வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. அதற்குக் கடென்ஸா என்று பெயர். அதில் ஒரே மாதிரி இரண்டு திருப்பங்கள். முதல் திருப்பம் வாசித்த பகுதிக்கே திரும்பக் கொண்டுபோகும். இரண்டாவதுதான் வெளியே கொண்டுவரும். ரிகர்சலில் ஒருமுறை அவள் அங்கே தடுமாறினாள்.

எமர்சன் அதை மறக்கவில்லை. மேடையிலும் அது நடக்க வேண்டும் என்று விரும்பினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மற்றவர்கள் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது அவருக்கு அந்த நினைப்பே வந்தது. வெட்கப்பட்டார். ஆனாலும் விரும்பினார்.

கச்சேரி நாளில் அரங்கம் நிறைந்திருந்தது.

கடென்ஸா வந்தது. ஹெப்சிபா கைகளைத் தாழ்த்திக்கொண்டார். எல்லா வில்களும் இறங்கின. மதுவந்தி மட்டும் வாசித்தாள்.

எமர்சன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வாசிப்பை அன்று அவரைப் போல யாரும் கேட்டிருக்க முடியாது. அவள் தாயார்கூட.

திருப்பம் வந்தது. அவள் தவறான பக்கம் போனாள்.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்தாள். மறுபடி தவறான பக்கமே போனாள். சபைக்கு இன்னும் தெரியவில்லை. மூன்றாவது முறை தெரிந்துவிடும். ஹெப்சிபாவால் எதுவும் செய்ய முடியாது. அங்கே நடத்துவதற்கு ஒன்றும் இல்லை.

மதுவந்தி ஒரு நீண்ட ஸ்வரத்தில் நின்றாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வில் மெதுவாகிக்கொண்டே வந்தது. வில்லின் நுனி வந்துவிட்டால் சத்தம் நின்றுவிடும்.

எமர்சனின் வில் மடியிலிருந்து எழுந்தது.

நாலே ஸ்வரங்கள். அவள் சத்தத்துக்கு அடியில், மூச்சு விடுவதுபோல வாசித்தார்.

அவள் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து மேலே ஏறினாள். ஆர்கெஸ்ட்ரா முழுதும் வந்து அவளோடு சேர்ந்துகொண்டது.

சபை எழுந்து நின்று கைதட்டியது. வழக்கப்படி மதுவந்தி முதல் வயலினுக்குக் கை கொடுத்தாள். அவள் கை சில்லென்று நனைந்திருந்தது. விட வேண்டிய நேரத்துக்குப் பிறகும் விடாமல் பிடித்திருந்தாள். பூங்கொத்தோடு வந்தவர்கள் அவளை அழைத்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஒரு பத்திரிகை, அந்தக் கடென்ஸாவில் அவள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு மேலெழுந்த விதம் அபாரம் என்று எழுதியது.

எமர்சன் அதைப் படித்துவிட்டு நேராக ஹெப்சிபாவிடம் போனார். அவர் வாத்தியக்காரர்களின் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

எமர்சன் எதையும் மறைக்கவில்லை. அவள் தடுமாற வேண்டும் என்று காத்திருந்ததைச் சொன்னார். தடுமாறியபோது சந்தோஷப்பட்டதையும் சொன்னார். வில்லை எடுத்தது அவளைக் காப்பாற்ற நினைத்து அல்ல என்றார். ஏன் எடுத்தோம் என்று இன்னும் தெரியவில்லை என்றார். இன்று காலை பத்திரிகையைப் பார்த்ததும் பழையபடி வயிறு எரிந்தது என்றார்.

ஹெப்சிபா அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவ யார்கிட்டயும் சொல்லலை. சபைக்கும் தெரியலை” என்றார் எமர்சன். “நீங்க பக்கத்துலதான நின்னீங்க, டீச்சர். உங்களுக்காவது கேட்டிருக்கும். அந்த நாலு ஸ்வரம் நான் வாசிச்சது.”

ஹெப்சிபா தாள்களைக் கீழே வைத்தார். அப்போதுதான் எமர்சனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அவளைக் கேட்டு வாசிச்சிருக்கீங்க. எனக்கு ஒரு வயலின்தான் கேட்டது, எமர்சன்.”