ஆவுடையாள் வாங்கிய சத்தியம்

அந்தக் காலத்தில், உடம்புக்குள்ளே குடியிருந்தவர்களும் வாய்விட்டுப் பேசிய நாட்களில், ஓர் ஆவணி மூன்றாம் தேதி காலைச் சாப்பாட்டு நேரத்தில், ஆவுடையாளின் குடலில் முப்பத்தெட்டு லட்சம் கோடிப் பேர் இருந்தார்கள். எண்ணிச் சொன்னவர் அவர்களின் தலைவர் கோலப்பன். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவர், கோல் போல நீண்டவர். தினமும் ஆளை எண்ணி முடிக்காமல் அவருக்கு அடுத்த வேலை ஓடாது.

அங்கே இருந்த ஏற்பாடு எளிமையானது. ஆவுடையாள் தவிடு போகாத சிவப்பரிசிச் சோறும் கீரைத்தண்டும் கிழங்கும் தின்பாள். அவளுக்குச் செரிக்காத நாரும் தவிடும் கீழே இறங்கும். கீழே குடியிருந்த கோலப்பனின் ஆட்கள் அதைப் புளிக்கவைத்துத் தாங்கள் தின்றது போக, குடல் சுவருக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்கள். சுவரின்மேல் வழவழவென்று ஒரு பூச்சு உண்டு. அதில் யாரும் கைவைக்கக் கூடாது. பூச்சுக்கு அந்தப் பக்கம் இரத்தத்தின் காவல்காரர்கள் நின்றார்கள். கோலப்பன் அவர்களைப் பார்த்ததில்லை. அவர்களும் இவரைப் பார்த்ததில்லை. அதனால் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை.

அன்று ஆவுடையாளின் மகள் கோமதியைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள். வெள்ளைச் சோறு தின்பவர்கள். அடுத்தவர் முன்னால் வயிறு பேசுவதை அநாகரிகம் என்று நினைப்பவர்கள். சம்பந்தியம்மாள் இலையைப் பார்த்து, "செங்கல்லை இடிச்சா வடிச்சிருக்கீங்க மதினி?" என்றாள். ஆவுடையாள் சிரித்து மழுப்பப் போன அந்த நேரம் பார்த்து, கீழேயிருந்து கோலப்பன் வழக்கம்போல் குரல் கொடுத்தார்.

"அக்கா, இன்னைக்குக் கீரைத்தண்டு ரெண்டு கூடப் போடுக்கா. சுவரு காஞ்சு கெடக்கு."

பந்தி முழுக்கச் சிரித்தது. சம்பந்தி கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்துவிட்டு, "தாலி கட்டப்போறது எங்க பையனா, உங்க வயிறா? இப்பவே சொல்லிருங்க" என்றார்.

ஆவுடையாள் கொல்லைப்பக்கம் போனாள். வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

"ஏல கோலப்பா, எம்பிள்ள கல்யாணம் நின்னு போயிரும்ல. நான் பேர் சொல்லிக் கூப்பிடுத வரைக்கும் உங்கள்ல ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

கீரைத்தண்டு கேட்டால் கல்யாணம் எப்படி நிற்கும் என்று கோலப்பனுக்கு விளங்கவில்லை. ஆனால் கேட்டது அக்கா. சத்தியம் செய்தார். மற்றவர்களையும் செய்யவைத்தார். சத்தியம் ஆவுடையாளிடம் மட்டுமல்ல, வெளியாள் எவரிடமும் பேசுவதில்லை என்பது. தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொள்ளலாம்.

அன்று பிற்பகலே அவள் நெல்லை ஏழு தரம் குத்தினாள். சுண்ணாம்பு போல அரிசி வெளுத்தது. தவிடு மாட்டுத் தொட்டிக்குப் போனது.

பத்தாம் தேதி கல்யாணம் நடந்தது. கீழே பாகும் நெய்யும் மாவும் வந்தன. எல்லாம் பாதி வழியிலேயே கரைந்துபோயின. அடிவரைக்கும் எதுவும் வந்து சேரவில்லை. கல்யாண வீடு, நாலு நாள் அப்படித்தான் இருக்கும் என்று கோலப்பன் தன் ஆட்களிடம் சொன்னார். அவரும் அதை நம்பினார். ஐந்தாம் நாள் விருந்தாளிகள் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. இனிக் கூப்பிடுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். கூப்பிடவில்லை.

ஆவுடையாளுக்கு வெள்ளைச் சோறு பிடித்துப்போயிருந்தது. அண்டைவீட்டார் வந்து அந்த வெளுத்த சோற்றையும் பேசாத வயிற்றையும் பார்த்துவிட்டுப் போனார்கள். சத்தியத்தை அவள் மறந்தே போனாள்.

கோலப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணம் இன்னும் முடியவில்லையா? தான் ஏதாவது குற்றம் செய்து, அதற்குத் தண்டனையா? அக்காவே உயிரோடு இல்லையா? இல்லாவிட்டால் பாகு எங்கிருந்து வருகிறது? புரட்டாசி பிறந்தது. ஆளை எண்ணினார். கணக்கு ஒத்து வரவில்லை. பழைய ஆட்களில் பாதிப் பேரைக் காணோம். பாகு தின்னும் புது முகங்கள் நடமாடின. யார் அவர்களை விட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

சுருளி என்பவன் சுவரோரம் குந்தியிருந்தான். பசி தாங்காதவன். விரல் நுனியில் பூச்சைச் சுரண்டி நக்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

"இனிப்பா இருக்கு அண்ணாச்சி."

"அது நம்ம சுவருல்லா."

"சுவருக்கும் நமக்கும் நாம காய்ச்சின கஞ்சிதான? ஒரு கை அகலம் எடுப்போம். தவிடு வந்ததும் பூசிருவோம்."

கோலப்பன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். நிற்க முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். கூடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "ஒரு கை அகலந்தான்" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு தானும் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கஞ்சி இல்லாமல் சுவர் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. ஐப்பசி நான்காம் தேதி பூச்சு பெயர்ந்து ஓட்டை விழுந்தது. சுருளி அதன் வழியே அந்தப் பக்கம் உருண்டான். பின்னாலேயே அவனைப் பிடிக்கப் போன கோலப்பனின் எதிரே முதன்முறையாக ஒரு காவல்காரன் நின்றான்.

"யாரு நீங்க? எந்த ஊரு?"

குடியிருப்பவர்கள், இதே வீட்டில்தான், இவள் பிறந்த நாளிலிருந்து. அவ்வளவு சொன்னால் போதும். கோலப்பனுக்குச் சத்தியம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"பேரு கூடச் சொல்ல மாட்டேங்கான். திருட்டுப்பயதான்" என்று காவல்காரன் பின்னால் திரும்பிச் சொன்னான்.

தீ வைத்தார்கள். ஓட்டையைச் சுற்றி வைத்தார்கள், பிறகு ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு போய் முழங்காலில் வைத்தார்கள், விரல் கணுக்களில் வைத்தார்கள். எரிந்ததில் திருடன் யார், வீட்டுக்காரன் யார் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சொந்தச் சுவரே எரிந்தது. கோலப்பன் எரியாத ஒரு மூலைக்கு ஓடித் தப்பினார்.

ஆவுடையாள் காய்ச்சலில் கிடந்தாள். மூட்டுகள் வீங்கியிருந்தன. மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது.

"கோலப்பா... உள்ள என்னல நடக்கு?"

இதுதான் அந்தக் கூப்பாடா, அல்லது வலியில் வந்த முனகலா என்று கோலப்பன் ஒரு கணம் குழம்பினார். பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். வாயைத் திறந்தார். தவிடு, சுவர், சுருளி, தீ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்த்தார். இரண்டு மாதமாகக் கிசுகிசுத்தே பழகிய தொண்டை. உரக்கப் பேசும் பேச்சு அதற்கு மறந்துபோயிருந்தது. கடகடவென்று ஓர் இரைச்சல்தான் வந்தது.

ஆவுடையாள் கூர்ந்து கேட்டாள்.

"பசிக்குபோல" என்றாள். ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு வாங்கித் தின்றாள்.

வயிறு பேச்சை விட்டு இரையத் தொடங்கியது அன்றுதான். கல்யாணத்துக்கு வந்த நானூறு பேரும், பேசாத வயிறுதான் நாகரிகம் என்று, அதற்கு முன்பே வீட்டுக்குப் போய் அவரவர் வயிற்றிடம் அதே சத்தியத்தை வாங்கியிருந்தார்கள். கூடவே இருந்து கஞ்சி காய்ச்சியவர்கள் சில உடம்புகளில் நோய்க்குத் துணைபோவதும், காவல்காரர்கள் தம் வீட்டுக்கே தீ வைப்பதும் அன்று முதல்தான்.

கல்யாணம் முடிந்து பதினேழாம் மாதம், தை ஐந்தாம் தேதி, கோமதி தன் மகனுக்கு முதல் சோறு ஊட்டினாள். கைத்தடி ஊன்றி ஆவுடையாளும் வந்திருந்தாள். அரிசி ஏழு தரம் குத்தியது.