இன்னாசி சொன்ன வேண்டாம்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தொன்று.

தூத்துக்குடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையை கிரேஸ்லின் பார்த்துக்கொண்டாள். பட்டாளத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பேச்சியப்பன் அங்கே உதவிக்குச் சேர்ந்தார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை மேடம் என்பார். சின்னப் பெண்ணிடம் தொழில் கற்றுக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

ஒரு பெருமை மட்டும் உண்டு. லீவுக்காக நொண்டுகிற சிப்பாயைத் தூரத்தில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவாராம். இதை அவரேதான் சொல்வார்.

ஒரு நாள் காலையில் அவர் கேட்டார்.

"மேடம், ஒருத்தன் வலிக்குன்னு சொன்னா அது நெசமா நடிப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

கிரேஸ்லின் அவர் கையைப் பிடித்து முழங்கையை நேராக நீட்டினாள். ஓரிடத்தில் டக்கென்று நின்றது.

"எது நிறுத்திச்சு?"

"எலும்பு."

முழங்கையை மடக்கினாள். மெத்தென்று நின்றது.

"இது?"

"சதை."

ஆள்காட்டி விரலைப் பின்பக்கமாக வளைத்தாள். கொஞ்சம் இடம் கொடுத்து, பிறகு விறைத்து நின்றது.

"இது நார். தோல் பெல்ட்டை இழுத்துப் பாத்தா இருக்குமே, அந்த மாதிரி. யாரு உடம்பைத் தொட்டாலும், அசைவு எங்க நிக்குதுன்னு மட்டும் பாக்காதீங்க. எது நிறுத்துதுன்னு பாருங்க."

பேச்சியப்பனுக்கு உற்சாகமாகிவிட்டது.

"அப்போ இந்த மூணும் இல்லாம ஒருத்தன் பாதியிலயே வேண்டாம் வேண்டாம்னு சொன்னான்னா, அது நடிப்புதான?"

"வெளிய ஆள் வந்துட்டாங்க. உள்ள வரச் சொல்லுங்க, அண்ணாச்சி."

வந்தவர் இன்னாசி. விசைப்படகு டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரம் அது. தடைக்காலத்தில் படகுக்கு மராமத்து பார்க்கும்போது வழுக்கி விழுந்ததில் இடது இடுப்பில் அடி. அன்றிலிருந்து வலி விடவில்லை.

"நாளைக்கழிச்சு போட் போகுது, டாக்டரம்மா. மொதலாளி வேற டிரைவர் பாத்து வச்சிருக்காரு. இன்னாசி போலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் அவர் நடந்து வந்ததை கிரேஸ்லின் பார்த்திருந்தாள். நொண்டாமல் நடக்க அவர் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்தது. படுக்கச் சொன்னாள்.

"அண்ணாச்சி, நீங்க பாருங்க. நல்ல காலை முதல்ல."

வலிக்காத காலைப் பார்ப்பது வெட்டி வேலை என்பது பேச்சியப்பனின் எண்ணம். ஆனாலும் பார்த்தார். வலது காலை முட்டியோடு மடக்கித் தூக்கினார். தொடை வயிற்றில் போய் முட்டியது.

பிறகு இடது கால். நேராகத் தூக்கினார். பாதி உயரத்தில் இன்னாசி சொன்னார்.

"வேண்டாம்."

பேச்சியப்பன் முட்டியை மடக்கினார். மடக்கினால் பின்தொடை தளரும், கால் இன்னும் மேலே வரும் என்று கிரேஸ்லின் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதே இடம் வந்ததும் இன்னாசி மறுபடியும் சொன்னார்.

"வேண்டாம்ணே."

பேச்சியப்பனின் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. எலும்பு முட்டவில்லை, சதை தடுக்கவில்லை, நாரும் இழுக்கவில்லை. மேலே போக வழி திறந்தே கிடந்தது. அவர் கிரேஸ்லினைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பட்டாளத்துச் சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே காலை இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

இன்னாசி கத்தவில்லை. கட்டிலின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தார். நெற்றி வியர்த்துவிட்டது.

"கையை எடுங்க, அண்ணாச்சி."

கிரேஸ்லின் அந்தக் காலைத் தன் கையில் வாங்கி மெல்லத் தூக்கினாள். அதே இடம் வந்தது. "வேண்டாம்" என்றார் இன்னாசி. அவள் அங்கேயே நிறுத்தினாள். காலை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ராத்திரி வலிக்கா?"

"தூக்கம் கெடையாது."

"காய்ச்சல்?"

அவர் கூரையைப் பார்த்தார். "சாயங்காலம் ஆனா லேசா மேலு சுடும். அதெல்லாம் கடல் காத்து பட்டா சரியாப் போயிரும்."

"இந்தச் சட்டை எப்போ எடுத்தது?"

"ஈஸ்டருக்கு. ஏன் டாக்டரம்மா?"

ஈஸ்டருக்கு எடுத்த சட்டைக்குள் இப்போது இன்னொரு ஆளும் நுழையலாம் போலிருந்தது.

"இது அடிபட்ட வலி மட்டும் இல்ல. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. நான் எழுதித் தாரேன். இடுப்பை ஸ்கேன் எடுக்கணும். அதுவரைக்கும் அந்தக் காலை ஊனக் கூடாது."

இன்னாசி எழுந்து உட்கார்ந்தார். முகம் மாறிவிட்டது.

"அப்போ போட்?"

"இந்தத் தடவை இல்ல."

"இந்தத் தடவை விட்டா அந்த வீல் எனக்குக் கெடைக்காது, டாக்டரம்மா. அந்தப் புது டிரைவர் பய எறங்க மாட்டான்." காலைக் காட்டினார். "வலி ஒண்ணும் பெருசா இல்ல. வேண்டாம்னு நான் சும்மா சொன்னேன். கூச்சமா இருந்துச்சு, அதான். இப்போ தூக்குங்க, வாயைத் தொறக்க மாட்டேன்."

"பாத்தீங்களா மேடம், அவரே சொல்லுதாரு" என்றார் பேச்சியப்பன்.

"ஆட்டோ கூப்பிடுங்க, அண்ணாச்சி."

இன்னாசி ஆட்டோவில் ஏறும்போது, கிரேஸ்லின் தாங்கிப் பிடிக்கப் போன கையைத் தட்டிவிட்டார்.

படகு போயிற்று. வேறு டிரைவர்தான் ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரியிலிருந்து எலும்பு டாக்டர் போன் செய்தார். ஸ்பீக்கரில் பேசியதால் பேச்சியப்பனும் கேட்டார். இன்னாசியின் இடுப்பு எலும்பில் காசநோய். உள்ளே சீழ் கட்டியிருந்தது. எலும்பு ஒரு பக்கம் அரிபட ஆரம்பித்திருந்தது. வெகுநாள் மாத்திரை சாப்பிட வேண்டும், ஆனால் மூட்டைக் காப்பாற்றிவிடலாம்.

"அந்த நிலைமையில போட்ல ஏறி நின்னிருந்தா மூட்டு போயிருக்கும். நல்லவேளை, யாரும் காலைப் பிடிச்சு நெம்பலை" என்றார் டாக்டர்.

போனை வைத்த பிறகு பேச்சியப்பன் கட்டில் விரிப்பை மாற்றினார். மாற்றியதையே மறுபடியும் எடுத்து உதறினார். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, காரணம் பிடிபடாதது உறுத்தியது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"என் கைக்கு ஒண்ணுமே தட்டுப்படலை. எலும்பு இல்ல, சதை இல்ல, நார் இல்ல. அந்த ஆளும் சும்மாதான் சொன்னேன்னு வாயாலயே சொல்லிட்டாரு. உங்க கைக்கு மட்டும் என்ன தெரிஞ்சிச்சு?"

"என் கைக்கும் ஒண்ணும் தட்டுப்படலை, அண்ணாச்சி."

"பெறவு எப்படி நெசம்னு கண்டுபிடிச்சீங்க?"

கிரேஸ்லின் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கடலுக்குப் போகணும்னு உசுரை விடுத மனுசன். படுத்திருக்கும்போது வேண்டாம்னாரு. எந்திரிச்சதும் சும்மா சொன்னேன்னாரு. ரெண்டுல எதைச் சொன்னா அவருக்குப் போட் கிடைச்சிருக்கும்?"

"அப்போ சும்மா சொன்னேன்னு சொன்னதுதான் நடிப்பு" என்றார் பேச்சியப்பன்.