மண்ணாங்குறிச்சியார் கல்மரத்தைக் காத்த கதை

மண்ணாங்குறிச்சிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்க் கொளஞ்சி கிணறு வெட்டும்போது ஆளுயர ஆழத்தில் ஒரு கல்மரம் தட்டுப்பட்டது. எந்தக் காலத்திலோ மரமாக நின்று, மண்ணில் புதைந்து, கல்லாகவே மாறிப்போனது. கல்லையும் மண்ணையும் ஆராய்கிற அதிகாரி ஒருவர் வந்து பார்த்துப் பூரித்துப்போனார்.

"கிடைச்சப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். துளி மாறக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைங்களை பஸ்ஸுல கூட்டிட்டு வந்து காட்டப்போறேன். பஸ் வந்தா ஊருக்குத் தார் ரோடும் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரோடு என்றதும் பச்சையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் சேற்றில் வண்டி மாட்டி, பாதி வழியிலேயே திரும்பிப் போயிருந்தார்கள்.

அன்றைக்கே ஊர்க்கூட்டம் கூடியது.

"கிடைச்சப்போ எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார் ஊராட்சித் தலைவர் செம்மலை.

"மண்ணு மூடிக் கிடந்துச்சுங்க" என்றான் கொளஞ்சி.

"அப்போ மூடு!"

மூடினார்கள். வேறு ஊராக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள்.

"தலைவரே, தோண்டுறதுக்கு முன்னாடி அது அங்க இருக்கிறது நமக்கே தெரியாதே?" என்றாள் பச்சையம்மாள்.

கூட்டமே ஆடிப்போனது. எவ்வளவு பெரிய தப்பு நடக்க இருந்தது! இனி யாரும் அதை நினைக்கவே கூடாது என்று தீர்மானம் போட்டு, ஒருமனதாக மறந்தார்கள். மற்றவர்களுக்கு இதெல்லாம் கஷ்டம். இவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

அடுத்த மாதம் பஸ் நிறையப் பிள்ளைகளோடு அதிகாரி வந்து இறங்கினார்.

"கல்மரம் எங்கய்யா?"

"கல்லுல ஏதுங்க மரம்?" செம்மலை அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெயில்ல வந்திருக்கீங்க. கொஞ்சம் மோர் குடிங்க."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு, மண்வெட்டியைப் பிடுங்கித் தானே தோண்டினார். மண் சரியச் சரிய உள்ளே இறங்கிவிட்டார். கடைசியில் மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி "இதோ!" என்று ஒரு கத்தல். ஊரே ஓடிவந்து எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தது.

"அடேயப்பா! இதை எப்படி சார் வெச்சுக்கணும்?" என்றார் செம்மலை.

"இப்போ எப்படி இருக்கோ அப்படியே! ஒரு கூடை மண்ணுகூட போட்டுடாதீங்க சாமி! அப்போதான் ரோடு வரும். சரி, என்னைத் தூக்கி விடுங்க."

ஒருவரும் கை கொடுக்கவில்லை. பச்சையம்மாள் குழி ஓரத்தில் உட்கார்ந்து, அழாத குறையாகக் கெஞ்சினாள்.

"ரோடு வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க சார். மண்வெட்டியைத் தூக்கிப் பிடிச்சிருந்தீங்களே, அப்படியே பிடிங்க. பிள்ளைங்க பார்க்கணும்ல?"