ராசாவின் முதுகும் தளவாயின் துவைகல்லும்

ஒரு காலத்தில் கொன்றைநாட்டை வீரசூடாமணி என்றொரு ராசா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் சொறிந்துவந்தார். ஒரு கை செங்கோலில் இருக்கும், மறு கை முதுகில் இருக்கும். வழக்கு கொஞ்சம் சூடுபிடித்தால் செங்கோலே முதுகுக்குப் போய்விடும். கழுத்து, முழங்கை, இடுப்பு என்று எங்கே பார்த்தாலும் செக்கச்செவேலென்று தடிப்பு. அரண்மனை வைத்தியர் குப்பைமேனியை அரைத்து அரைத்து அப்பினார். ராசா பச்சையாக ஆனாரே தவிர, அரிப்பு அடங்கவில்லை.

இவருக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் கண் விழித்ததும் தளவாய் அனந்தப்பர் பள்ளியறைக்கே வந்து உளவுச் சேதி சொல்ல வேண்டும். பக்கத்து நாட்டான் ஒரு குதிரை வாங்கினால் அனந்தப்பர் ஆயிரம் என்பார். "எல்லையில் புகை தெரிகிறது மகாராசா!" என்பார். யாரோ சோறு பொங்கிய புகையாக இருக்கும். பல் விளக்கும் முன்னாலேயே ராசா கோட்டைக் கதவைச் சாத்தச் சொல்வார். பயந்த ராசா தன்னை விட்டு விலகமாட்டார் என்று தளவாய்க்கு நன்றாகத் தெரியும்.

அந்த அனந்தப்பருக்கு அரண்மனைச் சலவைக்காரி பேச்சாயி மேல் ஒரு கடுப்பு. என் தலைப்பாகையை முதலில் துவை என்றதற்கு, "வரிசையில வாங்க சாமி" என்று சொல்லிவிட்டாளாம். ஒருநாள் சபையில் ராசா சொறிந்துகொண்டிருந்தபோது, வெளுத்த துணியோடு வந்து நின்ற பேச்சாயியைக் காட்டிச் சமயம் பார்த்து எழுந்தார்.

"மகாராசா! யார் துணி எது என்று தெரிய இவள் துணி மூலையில் சேங்கொட்டைச் சாறால் குறி போடுகிறாள். சேங்கொட்டை பட்டால் தோல் பொங்கும் என்று ஊருக்கே தெரியும். அந்த விஷம்தான் உங்கள் மேனியைத் தின்கிறது!"

யாரையாவது திட்டினால் போதும் என்றிருந்தது ராசாவுக்கு. "குடும்பத்தோடு எல்லைக்காட்டுக்கு அப்பால் துரத்துங்கள் இவளை!"

பேச்சாயி பதறிப்போனாள். "சாமி, பச்சைச் சாறு பட்டாத்தான் புண்ணாகும். காஞ்ச குறியை அலசி அலசித்தானே கொடுக்கேன். எம் மக நிறைமாசக்காரி, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. அவளை எந்தக் காட்டுல கொண்டு வைப்பேன்?" என்று அழுதாள்.

மந்திரி திருவேங்கடம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தளவாய் உள்ளே போவதற்கு முன்பு ராசாவின் கழுத்து எப்படி இருக்கிறது, வெளியே வந்த பிறகு எப்படி இருக்கிறது என்று கவனித்து வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் நேராகச் சொன்னால் ராசா, "எனக்கா பயம்?" என்று மீசையை முறுக்குவார்.

"பத்து நாள் தவணை கொடுங்கள் மகாராசா," என்றார் மந்திரி. "அதுவரை உங்கள் துணியைத் தளவாயே துவைக்கட்டும். குறியே போட வேண்டாம். அவரைப்போல நம்பிக்கையான ஆள் வேறு யார்? பேச்சாயிமேல் குற்றம் என்று நிரூபணமானால் நானும் அவளோடு காட்டுக்குப் போகிறேன்."

"நானா? துவைகல்லிலா?" என்று திணறினார் தளவாய்.

"என் மேனியைவிட உமது கை உமக்குப் பெரிதோ?" என்றார் ராசா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் விடிந்ததும் அனந்தப்பர் ஆற்றில் நின்றார். தன் எதிரிகளையெல்லாம் நினைத்துக்கொண்டு துணியை அடி அடியென்று அடித்தார். அரண்மனையில் உளவு சொல்ல ஆளில்லை. "சேதியெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு நானே சொல்கிறேன், நடந்ததை மட்டும்," என்றார் மந்திரி. ராசா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தோட்டத்தில் நடந்தார். ராணியிடம் தன் கவலையெல்லாம் கொட்டினார், அவளோடு தாயம் ஆடித் தோற்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, வைத்தியரின் மருந்தை நகம் படாமல் பூசிக்கொண்டார். படுத்ததும் குறட்டை விட்டார். ராணிக்குத்தான் தூக்கம் போனது.

பத்தாம் நாள் ராசாவின் தோல் பளிச்சென்று இருந்தது. தீர்ப்புக்காகப் பேச்சாயியும் சபைக்கு வந்திருந்தாள். கொப்புளம் போட்ட கையோடு சபைக்கு ஓடிவந்தார் தளவாய்.

"பார்த்தீர்களா மகாராசா! என் கை பட்ட துணி, குறியில்லாத துணி! அரிப்பு போயே போய்விட்டது. இவளைத் துரத்துங்கள்!"

மந்திரி கைகூப்பினார். "மகாராசா, இடுப்பில் செருகியிருக்கும் வேட்டி நுனியைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்."

ராசா எடுத்துப் பார்த்தார். மூன்று புள்ளி, ஒரு கோடு. பேச்சாயி போட்ட குறி!

"பத்து நாளும் நீங்கள் கட்டியது இவள் துவைத்ததைத்தான். தளவாய் துவைத்ததெல்லாம் என் வீட்டுக் கொடியில் தொங்குகிறது. கட்டினால் மானம் போகும், அத்தனை கிழிசல்."

சபை குலுங்கிச் சிரித்தது. பேச்சை மாற்ற அனந்தப்பருக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

"சிரிக்கிற நேரமா மகாராசா? வடக்கெல்லையில் ஏழாயிரம் குதிரை! யானை வேறு! நாளைக்கே கோட்டை வாசலில்..."

ராசாவின் கை மெல்ல முதுகுக்குப் போனது. கழுத்தில் ஒரு தடிப்பு புறப்பட்டது. சபையே வாயைப் பிளந்து பார்த்தது. ராசாவும் தன் கையைத் தானே பார்த்தார்.

"நிறுத்தும்!" என்று கத்தினார். "திருவேங்கடம், அப்படியானால் இத்தனை நாளாக என்னைச் சொறியவைத்தது..."

"அவர் வாய்தான் மகாராசா. ஆனால் கேட்ட காது உங்களுடையது. வைத்தியர் மேலே பூசப் பூச, இவர் உள்ளே கொளுத்திக்கொண்டே இருந்தால் எந்த மருந்து நிற்கும்?"

ராசாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிங்காசனத்தைவிட்டு இறங்கி வந்தார். "தப்பு என்மேல்தான் தாயி. உன் மகள் பிரசவத்துக்கு அரண்மனை மருத்துவச்சி வருவாள்," என்றார். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். பிறகு தளவாய் பக்கம் திரும்பினார். "அனந்தப்பரே, இன்று முதல் நீர் பேச்சாயிக்கு எடுபிடி. ஆற்றங்கரையிலேயே கிடந்து துவையும்!"

பேச்சாயி பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயையோ, அந்த ஆளு மட்டும் வேண்டாம் சாமி! படித்துறையில நின்னு இவரு பேச ஆரம்பிச்சா, என் கழுதைக்கும் சொறி புடிச்சிரும்!"