வேணாம்னதை வச்சுக்கிற வீடு

ஒரு கடலோர ஊர்ல ஒரு பெரிய வீடு. இங்கிலாந்துச் சீமையை ஜார்ஜ்னு பேர் வச்ச ராஜாங்க ஆண்டப்போ ஒரு வெள்ளைக்காரன் கட்டினது. நடுவுல வாசல், இந்தப் பக்கம் எத்தனை ஜன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை. அவன் போனப்புறம் அது ஊர் மியூசியம் ஆயிடுச்சு. ஊர்க்காரங்க பழைய சாமானைக் கொண்டாந்து உள்ள வச்சு, வீட்டைப் பார்த்து, "இது எனக்கு வேணாம், நீ வச்சுக்கோ"ன்னு சொல்லுவாங்க. அப்பதான் குடுத்ததா அர்த்தம். ம் கொட்டு, அப்பதான் மேல சொல்லுவேன்.

"ம்."

ஒருநாள் மத்தியானம் அமலோற்பவம்னு ஒருத்தி பழைய பாக்குவெட்டியைக் குடுக்க வந்தா. கூடவே அவ மக பிலோ. அதுவும் உன்னை மாதிரிதான், ஒரு இடத்துல நிக்காது. தடதடன்னு மாடிப்படி ஏறுது, கைப்பிடியில சறுக்குது, பீங்கான் ஜாடியை உருட்டுது. அமலோற்பவம் பாக்குவெட்டியை வச்சு, சொல்ல வேண்டியதைச் சொன்னா. சொன்ன கையோட, எரிச்சல்ல, "இவளும் எனக்கு வேணாம், இவளையும் வச்சுக்கோ"ன்னுட்டா. எல்லா அம்மாவும் சொல்றதுதான். சொன்ன இடம்தான் சரியில்ல.

டமார்னு கதவு சாத்திக்கிச்சு. அப்புறம் ஜன்னலெல்லாம் படார், படார். உள்ள அரை இருட்டு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ பிலோ, "அம்மா, கால் வரமாட்டேங்குது"ன்னா. பார்த்தா, அலமாரி ஓரத்துல மரப்பொம்மைங்க வரிசையில நிக்கிறா.  அமலோற்பவம் ஓடிப்போய் இழுத்தா. மக கால் மரமா இருந்துச்சு. விடுன்னு வீட்டை அதட்டினா. மேல எங்கேயோ கிரீச்னு ஒரு சத்தம். பிலோ இடுப்பு வரைக்கும் மரமாயிட்டா.

அப்புறம் கம்மலைக் கழட்டி நீட்டி, இதை வச்சுக்கிட்டு அவளை விட்டுடுன்னு வீட்டுக்கிட்ட கெஞ்சினா. மறுபடியும் கிரீச். கழுத்து வரைக்கும் மரம். பிலோவுக்குக் குரலும் போயிடுச்சு. கண்ணு மட்டும் அம்மாவையே பார்த்துச்சு. நிஜமாவே நான் வேணாமான்னு கேக்குற மாதிரி இருந்துச்சு.

அப்பதான் அமலோற்பவத்துக்கு உறைச்சுது, பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்கு இல்ல. மண்டி போட்டு, மக முகத்தை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா.

"பிலோ, நீ எனக்கு வேணும். ஓடினாலும் வேணும், உடைச்சாலும் வேணும்."

கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்கல. அப்புறம் மெதுவா ஒரு விரல் அசைஞ்சுது. அப்புறம் கை, கால் எல்லாம். கதவு தானா திறந்துச்சு. அவளைத் தூக்கிக்கிட்டு அமலோற்பவம் ஓடினா பாரு, திரும்பியே பார்க்கல. தெருமுனைக்கு வந்தப்புறம்தான் பிலோவுக்குப் பேச்சு வந்துச்சு.

"இன்னொரு தடவை சொல்லும்மா"ன்னா.

வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அமலோற்பவம் அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தா.

அவங்களும் வீட்டுக்குப் போயாச்சு, கதையும் போயாச்சு. நீ கண்ணை மூடு.