ஓநாயோடு போன பதில்

ஒரு காட்டில், ஆறு போய்க் கடலைத் தொடுகிற ஓரமாக, பூவாயி என்று ஒரு பெண்மான் இருந்தது, பிள்ளைகளே.

அந்தக் கோடையில் தண்ணீர்த் துறையைப் பிடிக்க வந்த ஓநாய், மான்களை மிரட்டுவதற்காகவே குட்டிகளைத் தூக்கிப் போனது. பூவாயியின் குட்டியும் போனது. திரும்பவே இல்லை.

பிறகு கடல் கடந்து நாரைகள் வந்தன. ஓநாயைப் பிடித்தன. "நியாயம் விசாரிக்கப் போகிறோம்" என்றன.

நியாயம் என்றால் என்னவென்று பூவாயிக்குத் தெரியும். அந்தக் காட்டில், குற்றம் செய்தவன் முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டும். இழந்தவர் எதிரே நின்று கேட்பார். பதில் சொல்லும்வரை அவன் கரையேற முடியாது.

'குட்டியை எங்கே போட்டாய் என்று கேட்பேன். அந்த இடத்தில் ஒரு வாய் புல் வைத்துவிட்டு வருவேன்' என்று நினைத்து, இளம்புல்லாகப் பார்த்துக் கவ்விக்கொண்டு போனது. வாய் சும்மா இராத குரங்கும் கூடவே போனது.

மணல்திட்டில் நாரைகள் மறைப்புக்குப் பெரிய இலைத்தட்டி கட்டியிருந்தன. பூவாயியை அதற்குப் பின்னால் நிறுத்தின.

"ஓநாய் உங்களைப் பார்க்கக் கூடாது அம்மா. உங்கள் நன்மைக்குத்தான்" என்றது தலைமை நாரை.

"எதிரே நிற்காமல் எப்படி ஐயா கேட்பது?"

"கேட்பது எங்கள் வேலை. நடந்ததைச் சொல்வது உங்கள் வேலை."

பூவாயி புல்லைக் காலடியில் வைத்துவிட்டு நடந்ததையெல்லாம் சொன்னது. பிறகு, "என் குட்டி எங்கே என்று நீங்களாவது கேளுங்கள்" என்றது.

"பேசாமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு, அம்மா."

"அந்த உரிமையை யார் கொடுத்தது?"

"நாங்கள்தான்."

பூவாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தீர்ப்பு வந்தது. ஓநாய் குற்றவாளி. ஆயுள் முழுக்கத் தூரத் தீவில் காவல். நாரைகள் அவனைத் தெப்பத்தில் ஏற்றின.

"ஜெயிச்சாச்சு, அக்கா!" என்று குரங்கு குதித்தது. "தீவில் அவனுக்கு வேளாவேளைக்கு மீனாம். நாமும் ஏதாவது செய்துவிட்டுப் போகலாம் போல."

பூவாயி கரைவரை ஓடியது. "ஐயா, என் குட்டி கிடக்கிற இடம் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அந்தப் பதிலும் அவனோடு கடல் தாண்டிப் போகிறதே?"

நாரை கெட்டது அல்ல. கொஞ்ச நேரம் ஒற்றைக்காலில் நின்று யோசித்தது.

"அது வழக்கில் இல்லையே, அம்மா" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

தெப்பம் மறைந்தது. "ஜெயிச்சோமா இல்லையா, நீயே சொல்லு" என்றது குரங்கு.

"தெரியலையப்பா."

குரங்கும் மரத்துக்குப் போய்விட்டது. பூவாயி புல்லை மறுபடி கவ்வியது. கிழக்கே பார்த்தது, மேற்கே பார்த்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல், வாயில் புல்லோடு நடந்து போனது.

நீதி: இழந்தவர் என்ன கேட்கிறார் என்று கேளாத தீர்ப்பு, பாதித் தீர்ப்பே.